கொடிமரத்துக்கு வைத்திருந்த மரம்

கீழ்க்காட்டில் ரம்பத்தின் சத்தம் சட்டென்று நின்றுபோனது.

நிற்பது புதிதல்ல. பெட்ரோல் தீரும், சங்கிலி மழுங்கும், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் கால் மணி நேரமாகியும் மறுபடி கேட்கவில்லை. தனியாகக் காட்டுவேலைக்குப் போனவனின் ரம்பம் இப்படி நின்றுபோனால், போட்லாஸ் ஊரில் எந்த வீட்டிலும் காபி தொண்டையில் இறங்காது.

க்செனியா கோப்பையை வைத்துவிட்டு அப்பாவின் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். அவள் தலைநகர் ல்யூப்ல்யானாவிலிருந்து வந்து நான்கு நாளாகிறது. நகரத்துப் பேருந்து நிலையத்தில் கால அட்டவணை போடும் வேலை அவளுக்கு. எந்த வண்டி எப்போது வரும் என்று தெரிந்தே வாழ்ந்து பழகியவள். காடு அப்படியில்லை. போன குளிர்காலத்தில் அப்பா ஸ்தானே கண்மூடியதிலிருந்து அந்த மலைச்சரிவு அவளுக்குப் பாதி, தம்பி யெர்னெய்க்குப் பாதி. அவள் தன் பாதியை விற்கத்தான் வந்திருந்தாள். நாளை வெள்ளிக்கிழமை, விலை பேசி முடிக்க ஓசெபெக் என்பவர் வருகிறார்.

இதற்கு நடுவில் மரப்பட்டைக்கு அடியில் குடையும் பட்டை வண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. கிளைகளில் பனிக்கட்டியாகிக் கனக்கும் உறைமழை சில வருடங்களுக்கு முன் ஊரையே ஒடித்துப் போட்டதிலிருந்து, நொந்து நின்ற ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரங்களை அது ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. வன அலுவலர் தின்காரா வந்து, வண்டு விழுந்த மரங்களின் அடியில் வெள்ளைக் குறி போட்டுவிட்டுப் போனாள். பூச்சி பறப்பதற்குள் அவற்றை வெட்டிக் காட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். வெட்டுவது யெர்னெயின் பாடு. வெளியே கொண்டுபோவதுதான் வழியில்லாமல் கிடந்தது. கீழ்க்காட்டிலிருந்து கட்டைகளை இழுத்துப் போக ஒரே பாதை பக்கத்துக் காட்டுக்காரர் வென்செலுடையது. அதன் வாயில் ஒன்பது வருடமாகச் சங்கிலி தொங்குகிறது, பூட்டோடு.

முற்றத்தைத் தாண்டுவதற்குள் யெர்னெய் எதிரே வந்துவிட்டான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ரத்தம் வருதாடா?"

"இல்லக்கா."

"கை கால் எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உயிர் போற விஷயம் இல்ல. சொல்லு."

"உயிர் போற விஷயம்தான். வென்செல் மாமா என்னைக் கொன்னுடுவாரு."

*

எல்லை அடையாளமாக நின்ற பீச் மரம் உறைமழையில் வேரோடு சாய்ந்து போயிருந்தது. அந்தக் குழியில் இப்போது புதர் மண்டிக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் வென்செலின் காடு, இந்தப் பக்கம் இவர்களுடையது. குழியைக் கடந்து நாலு எட்டு வைத்த இடத்தில் ஒரு புத்தம்புது அடிக்கட்டை. பக்கத்தில் வரிசையாகத் துண்டுகள். ஒவ்வொன்றும் நான்கு மீட்டர், அளந்து வைத்ததுபோல.

யெர்னெய் முதல் துண்டைக் காலால் புரட்டினான். பட்டையில் கையகலத்துக்கு ஒரு வெள்ளைச் சிலுவை.

அந்த மரத்தைப் பற்றி ஊரில் அறியாதவர் கிடையாது. வென்செலின் மகன் க்லெமென் குருவாகி வருகிறான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் அவனுடைய முதல் திருப்பலி. ஊர் வழக்கப்படி சனிக்கிழமை மாலை அவன் வீட்டு வாசலில் கொடிமரம் நாட்ட வேண்டும். உச்சியில் பச்சை நுனி, அதன்கீழ் மலர் வளையம், மீதி உடம்பெல்லாம் பட்டை உரித்து வழுவழுவென்று வெள்ளையாக, கோபுரத்தோடு போட்டி போடும் உயரத்தில் ஒரே மரம். ஒட்டுப்போட்டால் ஊர் சிரிக்கும். மகன் குருமடத்துக்குக் கிளம்பிய அன்றே வென்செல் இந்த மரத்தைத் தேர்ந்து வைத்தாராம்.

"சிலுவை போட்டிருக்கே, உன் கண்ணுல படலயாடா?"

"நான் நின்ன பக்கம் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரிஞ்சுது. தின்காரா போட்ட குறின்னு நினைச்சேன். வரிசையா வெட்டிக்கிட்டே வந்தேன்கா, கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

"சரி, சாய்ச்சிட்ட. நாலு மீட்டரா எதுக்குடா அறுத்த? அப்படியே விட்டிருந்தா தூக்கிக் கொண்டுபோய் நட்டிருப்பாங்களே!"

"மரம் சாய்ஞ்சா நாலு மீட்டரா அறுக்கிறதுதானே! நமக்குத் தெரிஞ்சது அதுதானே! கடைசித் துண்டை அறுத்துட்டு, உருட்டிப் பார்த்தப்பதான் சிலுவை மேல வந்துச்சு."

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. நாற்பது வயது ஆள், தோளில் இரண்டு மூட்டை சிமெண்ட் தூக்குகிறவன்.

பிறகு அவன் குனிந்து ஒரு பெரிய கிளையை இழுத்து அடிக்கட்டைமேல் போட்டான். இன்னொரு கிளையை எடுத்தான்.

"என்ன செய்ற?"

"யாரும் பாக்கலக்கா. துண்டையெல்லாம் நம்ம பக்கம் உருட்டிட்டா தெரியாது. திருட்டுப்பசங்க யாரோன்னு நினைச்சுக்குவாரு. கொடிமரத்தைப் பக்கத்து ஊர்க்காரன் ராவோட ராவா அறுத்துட்டுப் போறது எப்பவும் நடக்கிறதுதானே."

க்செனியா உடனே மறுத்துவிடவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. மனிதர் மனது உடனே நல்ல பக்கம் சாய்ந்துவிடுவதில்லை. நாளை ஓசெபெக் வருகிற நேரத்தில் எல்லைத் தகராறு என்று பேச்சு எழுந்தால் விற்பனை என்னவாகும் என்று அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியது. அவளும் ஒரு கிளையைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் கீழே பாதையில் யாரோ விசிலடித்துக்கொண்டு ஏறி வருவது கேட்டது.

தின்காரா. வாரம் ஒருமுறை ஒவ்வொரு காட்டுக்காரர் பக்கமும் வந்து போகிறவள். துண்டுகளைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள், கையில் கிளையோடு நிற்கும் இருவரையும் பார்த்தாள். விசில் நின்றது.

"இது நான் போட்ட குறி இல்லையே," என்றாள் மெதுவாக. "எனக்கு இவ்வளவு பக்தி கிடையாது."

யெர்னெய் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னைக்கு வென்செல் ஐயாகிட்டப் போய் அந்தச் சங்கிலியைத் திறக்கச் சொல்லிக் கேக்கலாம்னு வந்தேன்," என்றாள் தின்காரா. "இந்தக் கட்டையெல்லாம் இங்கயே கிடந்தா, இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல வண்டு பறந்துடும். உங்க காடு மட்டுமில்ல, அவர் காடும் போகும்."

"நீங்களே இதையும் சேர்த்துச் சொல்லிடுங்களேன்," என்றான் யெர்னெய். "நீங்க சொன்னா கேப்பாரு."

"மரத்துக்குக் குறி போடுறது என் வேலை. மரக்கன்னு வாங்கித் தர்றேன், ஆள் சேர்த்துத் தர்றேன். மன்னிப்பு மட்டும் உங்களுக்குப் பதிலா நான் கேக்க முடியாது, யெர்னெய்."

க்செனியா கையிலிருந்த கிளையைக் கீழே போட்டாள். கையில் ஒட்டிய பிசினைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"வாடா, போகலாம். நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"என்னன்னு சொல்ல? வெறும் கையோடவா போறது? அவர் காட்டுல வேற நெட்டை மரமே இல்லக்கா. உறைமழையில எல்லாத்துக்கும் தலை ஒடிஞ்சு போச்சு."

அவள் சரிவின் மேலே பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் மேல்காட்டில், மற்ற மரங்களைவிட ஓர் ஆள் உயரம் தூக்கலாக ஒரு ஸ்ப்ரூஸ் நின்றது. நுனி முறியாத ஒரே மரம். போன தடவை ஓசெபெக் அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டி, இந்த மாதிரி மரம் இருந்தால் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

யெர்னெயும் அதைத்தான் பார்த்தான். "அக்கா, அதுல பாதி உன்னுது."

"என் பாதியை நான் குடுக்கிறேன். உன் பாதி?"

"பாதி மரத்தை எப்படிக்கா நடறது?" என்றான். அன்று காலையில் முதல்முறையாக அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

*

வென்செல் வீட்டு முற்றத்தில் பெண்கள் ஸ்ப்ரூஸ் தளிர்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் வளைவுக்கு. வென்செலின் மனைவி பாவ்லா, கை நிறைய மாவோடு வாதுமைப் பருப்பு வைத்த சுருள் ரொட்டியை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அடேங்கப்பா, ஸ்தானே வீட்டுப் பிள்ளைங்க! இந்தப் பக்கம் வழி மறந்துபோச்சுன்னு நினைச்சேன். உக்காருங்க. க்செனியா, அது என்ன உங்கப்பா பூட்ஸா? உன் காலு அதுக்குள்ள நீச்சல் அடிக்குதே!"

"மாமா இருக்காரா, அத்தை?"

வென்செல் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். பெரிய உடம்பு, சிறிய கண்கள். கோயிலில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பெஞ்சு. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போதெல்லாம் அப்பா இடதுபக்கம் திரும்பிக்கொள்வார், வென்செல் வலதுபக்கம். ஒன்பது வருட ஞாயிறுகள் இப்படியே போயின. இரண்டு பேரும் ஒரே கிண்ணத்து நற்கருணையைத்தான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

"என்ன?" என்றார் வென்செல்.

யெர்னெய் தலைக்கவசத்தைக் கழற்றினான். அதைக் கையில் திருப்பித் திருப்பி உருட்டினான்.

"மாமா, தப்பு பண்ணிட்டேன். உங்க மரத்தை வெட்டிட்டேன். சிலுவை போட்ட மரத்தை. எங்க மரம்னு நினைச்சு."

கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. பாவ்லா உருட்டிய மாவை அப்படியே விட்டுவிட்டாள்.

"வெட்டிட்டியா," என்றார் வென்செல். "சாய்ஞ்சு கிடக்கா?"

"இல்ல மாமா."

"பின்ன?"

"நாலு மீட்டரா... அறுத்துட்டேன்."

வென்செல் திரும்பிக் கொட்டகைக்குள் போனார். உள்ளே இரும்புச் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது.

"கோடாலி எடுக்கிறாருக்கா," என்று யெர்னெய் முணுமுணுத்தான்.

"பேசாம நில்லு."

"நாலு மீட்டரா!" என்றாள் பாவ்லா, தாங்கமுடியாமல். "ஏண்டா தம்பி, என் பையன் வாசல்ல கொடிமரம் நடச் சொன்னா நீ வேலிக்கால் நடுவ போலிருக்கே!" ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவளால் முடியவில்லை, சிரித்தே விட்டாள். பாவ்லாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும் கூடவே வந்தது. மாவுக் கையால் முகத்தைத் துடைத்து வெள்ளையாக்கிக்கொண்டாள்.

வென்செல் வெளியே வந்தார். கையில் அளவு நாடா.

"மாமா," என்றாள் க்செனியா, "எங்க மேல்காட்டுல ஒரு மரம் இருக்கு. நுனி முறியல. அதை எடுத்துக்கணும். இது ஈடு இல்ல, தெரியும். அது உங்க பையனுக்காக நீங்க பார்த்து வச்ச மரம். ஆனா எங்ககிட்ட இருக்கிறதுல நல்லது அதுதான்."

"எது? வீட்டுக்குப் பின்னால நிக்குதே, அந்த நெட்டையனா?"

"அதேதான்."

"அது உங்கப்பா யாருக்கும் தரமாட்டேன்னு வச்சிருந்த மரமாச்சே."

"இப்ப எங்க மரம் மாமா. நாங்க தர்றோம்."

வென்செல் அளவு நாடாவைப் பையில் போட்டார். இன்னொரு பையைத் தடவிப் பார்த்தார். "வாங்க," என்றார்.

*

மூவரும் இழுவைப் பாதையின் வாயில்வரை நடந்தார்கள். தின்காரா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். சங்கிலியருகே வந்ததும் வென்செல் நின்றார். கண்ணைச் சுருக்கி மேல்காட்டைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன மாமா?"

"உங்க வீட்டுப் பாதையில ஆறு வளைவு இருக்கு. நாலு மீட்டர் துண்டுன்னா திரும்பும். அத்தனை நீள மரத்தை எந்த வளைவுல திருப்புவ? அது முழுசா இறங்கணும்னா நேரா கீழ்க்காடு வழியா வந்து, இந்தப் பாதையிலதான் வரணும். எம் பையன் கொடிமரத்துக்கு நான் போட்ட சங்கிலியே குறுக்க நிக்குது!"

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே அடங்கினார். சங்கிலியைக் கையில் எடுத்து எடைபார்ப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா அன்னைக்கு மழையில டிராக்டரைக் கொண்டாந்து என் பாதையைச் சேறாக்கிட்டாரு. பாதையை நான் ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டேன். அது பெரிசில்ல. 'தப்பா போச்சு வென்செல்'னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பார்த்தேன். அவ்வளவுதான். பார்த்துக்கிட்டே இருந்தேன். அவரும் நான் முதல்ல வந்து பூட்டைத் திறப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரு."

அவர் யெர்னெய் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு உங்க வீட்டிலிருந்து அந்த வார்த்தை வந்துருச்சு. பாதைக்காக வராம மரத்துக்காக வந்தா என்ன."

சாவியை நுழைத்தார். திரும்பவில்லை. துருப்பிடித்துப் போயிருந்தது. யெர்னெய் ஓடிப்போய் ரம்பத்துக்கு விடும் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தான். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊற்ற, ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பூட்டு 'டக்' என்று வாயைத் திறந்தது. கடவுள் சில சமயம் பெரிய கதவுகளை எண்ணெய்ப் புட்டியால்தான் திறக்கிறார்.

வென்செல் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்ப மாட்டவில்லை.

*

மதிய மணி அடித்து மூவேளை செபம் சொன்ன பிறகு மரம் சாய்ந்தது. நுனி ஒடிந்துவிடக் கூடாதென்று கீழே கிளைகளை மெத்தைபோல் அடுக்கியிருந்தார்கள். தின்காரா மரத்தைச் சாய்த்திழுக்கும் வின்ச் கயிற்றைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கைகாட்டினாள். யெர்னெய் அவ்வளவு கவனமாக இதுவரை எந்த மரத்தையும் வெட்டியதில்லை. வெட்டி முடித்ததும் ரம்பத்தை அணைத்துத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தான்.

"ஏன்டா அவ்வளவு தூரம்?" என்றாள் க்செனியா.

"கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா நாலு மீட்டரா அறுத்துடுவேன்னு மாமா பயப்படுறாரு."

சேதி கேட்டு வந்த ஊர் ஆண்கள் இருபது பேர் தோள்கொடுத்துக் கீழ்க்காடு வழியாக இறக்கினார்கள். வென்செலின் பாதையில் மரத்தைக் கிடத்தி, ஆளுக்கொரு உளியை எடுத்துக்கொண்டு பட்டை உரிக்க உட்கார்ந்தார்கள். பாவ்லா எல்லோருக்கும் சூடாகச் சுருள் ரொட்டி நறுக்கிக் கொடுத்தாள். ஈரப்பட்டை நீள நீளமாகக் கழன்று வந்தது. எங்கும் பிசின் மணம்.

"ஏன் அத்தை கொடிமரத்தை உரிக்கிறோம்? வழுக்கட்டும்னா?" என்று கேட்டாள் க்செனியா. சின்ன வயதில் கேட்க மறந்த கேள்வி.

"பட்டைக்கு அடியில சூனியக்காரி வண்டா மாறி ஒளிஞ்சுக்குவாளாம். அப்புறம் வீட்டுக்குள்ள வந்துடுவாளாம். எங்கம்மா சொல்லுவா." பாவ்லா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "கதைதான். ஆனா உரிக்காம யாரும் நட்டதில்ல."

க்செனியா நுனிப்பக்கம், பச்சைக் கிளைகள் தொடங்கும் இடத்துக்குக் கீழே உளியை நுழைத்தாள். பட்டை மற்ற இடம்போல வழுக்கிக்கொண்டு வரவில்லை. கொஞ்சம் உப்பியிருந்தது. இழுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பினாள்.

யாரோ விரலால் கோடு கிழித்ததுபோல நீளவாக்கில் ஒரு பள்ளம். அதன் இரண்டு பக்கமும் சீப்பின் பற்கள்போலச் சின்னச் சின்னக் கிளைப்பள்ளங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் அரிசிபோல வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது.

"தின்காரா," என்றாள். "தின்காரா, இங்க வாங்க."

தின்காரா வந்து மண்டியிட்டாள். அவள் முகம் மாறியது. பேச்சு ஒவ்வொரு இடமாக அடங்கி, கடைசியில் பாதையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பட்டையைப் பார்த்தார்கள்.

"கதைன்னு சொன்னேனே," என்றாள் பாவ்லா மெல்ல.

"இது... மேல்காட்டு மரம்," என்றான் யெர்னெய். "பச்சையா நின்னுச்சே. அடியில மரத்தூள்கூட உதிரலயே. நான் தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"உச்சியில ஆரம்பிச்சிருக்கு. கீழ இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியல," என்றாள் தின்காரா. "அங்க இன்னும் சில மரத்துல இருக்கும். இன்னைக்கு இதை வெட்டி உரிக்கலன்னா, மேல்காடு பழுப்பா மாறினப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சிருக்கும். அப்ப வெட்ட ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

"இப்ப?"

"புழு இன்னும் வெள்ளையா இருக்கு. இறக்கை முளைக்கல." அவள் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டாள். "நேரம் இருக்கு. ஆனா ஒரு ஆளால ஆகாது. அவங்கவங்க துண்டுக் காட்டை அவங்கவங்களே பார்த்துக்கிட்டா வண்டுதான் ஜெயிக்கும். அதுக்கு எல்லைக்கல் தெரியாது. எல்லாரும் சேர்ந்து, ஒரே டிராக்டர், ஒரே பாதைன்னா முடியும்."

எல்லோரும் வென்செலைப் பார்த்தார்கள். அவர் தோளில் இன்னும் சங்கிலி தொங்கியது. அதை எடுத்து வின்ச் கயிற்றின் பக்கத்தில் போட்டார்.

"கட்டை கட்டி இழுக்க நல்ல சங்கிலி இது," என்றார். "சனிக்கிழமை கொடிமரம். ஞாயிறு பூசை. திங்கள் காலையில என் டிராக்டர் மேல்காட்டுல நிக்கும். யெர்னெய், நீ அதுக்குள்ள வெள்ளைக் குறி எது, சிலுவை எதுன்னு படிச்சு வச்சுக்கோ."

சிரிப்பு எழுந்தது. யெர்னெயும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உரித்த பட்டையையெல்லாம் குவித்துத் தீ வைத்தார்கள். கொடிமரம் மட்டும் வெள்ளை வெளேரென்று, ஒரு குற்றமும் இல்லாமல் பாதையில் நீண்டு கிடந்தது. நடந்ததை ஒளித்திருந்தால் காட்டுக்கும் கேடு, மரத்தைக் கொடுத்ததால் அதுவே காட்டுக்குக் காவல் என்று க்செனியாவுக்குத் தோன்றியது. தீயில் போடப்போன பட்டைகளில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். உளி முனையால் ஒவ்வொரு புழுவாகத் தட்டித் தீயில் விழவைத்துவிட்டு, பட்டையைச் செய்தித்தாளில் சுற்றினாள்.

யெர்னெய் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மற்றவர்கள் தள்ளிப்போன பிறகு பக்கத்தில் வந்தான்.

"அக்கா. நாளைக்கு அந்த ஆள் வர்றாரு."

"தெரியும்."

"வெளியில இருந்து பார்த்தா மேல்காடு பச்சையாத்தான் இருக்கு. நாளைக்கே முடிச்சுட்டா அவருக்குத் தெரியாது." அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. "விக்க வேணாம்னு நான் சொல்லல. நீ விக்கணும்னு வந்தவ. உனக்கும் கஷ்டம் இருக்கு. சும்மா சொன்னேன்."

காலையில் அவன் கையில் ஒரு கிளை இருந்தது. இப்போது அவள் கையில் ஒரு பட்டை.

அவள் பதில் சொல்வதற்குள் பையில் தொலைபேசி ஒலித்தது. திரையில் ஓசெபெக் பெயர். யெர்னெய் விலகிப்போகத் திரும்பினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லுங்க, ஓசெபெக்," என்றாள். "ஆமா, நாளைக்குத்தான். பத்து மணிக்கு வந்தா போதும். வர்றப்ப நல்ல செருப்பு வேண்டாம், பழைய பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க. காகிதத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய் உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்.

"இல்ல, இல்ல," என்றாள் க்செனியா, செய்தித்தாள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "விக்கிறேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்றேன். அதை இன்னும் என் தம்பிகிட்டயே நான் சொல்லல."